திரையில் வரும் 'வைரஸ்' எச்சரிக்கை எண்ணுக்கு அழைக்காதீர்கள்: என் பெரியப்பாவுக்கு நடந்தது

வீட்டில் கணினி வைத்திருக்கும் பெரியவர்கள் யாராவது இருந்தால் இதை அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். என் பெரியப்பாவின் கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது, எடுத்துத் தருகிறோம் என்று சொல்லிப் பணத்தைக் கறந்துவிட்டார்கள். அந்தக் கணினியில் வைரஸே இல்லை. நன்றாக இருந்த கணினியை வேவு பார்க்க வழி செய்துவிட்டுப் போனது, சரி செய்ய வந்ததாகச் சொன்னவர்கள்தான்.

பிரின்டரை இயக்கத் தேவையான டிரைவர் என்ற மென்பொருளைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். ஏதோ ஒரு தளத்தில் டவுன்லோட் பட்டனை அழுத்தியதும் திரை முழுக்க ஓர் எச்சரிக்கை. "உங்கள் கணினி முடக்கப்பட்டுள்ளது, அணைக்க வேண்டாம், வங்கி விவரங்கள் திருடப்படுகின்றன" என்று ஒரு குரல் திரும்பத் திரும்பச் சொல்ல, நடுநடுவே சைரன். மூட வேண்டிய எக்ஸ் குறியைக் காணோம். மைக்ரோசாஃப்ட் சின்னத்துக்குப் பக்கத்தில் ஒரு போன் நம்பர். அந்தச் சத்தத்தில் யாருக்கும் கை நடுங்கும். அவர் அழைத்துவிட்டார்.

எடுத்த ஆள் மிரட்டவே இல்லை. "சார், பதற்றப்படாதீங்க. நல்லவேளை உடனே கூப்பிட்டீங்க. நான் இருக்கேன், பாத்துக்கலாம்" என்று அவ்வளவு பொறுமையாகப் பேசியிருக்கிறான். எங்கிருந்தோ இருந்தபடி இன்னொருவர் கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் என்ற ரிமோட் மென்பொருளை இறக்கச் சொல்லி, அதில் வரும் எண்ணை வாங்கி, உள்ளே நுழைந்துவிட்டான். எனிடெஸ்க் மோசமான மென்பொருள் இல்லை. அலுவலகங்களில் தினமும் பயன்படுத்துகிறார்கள். யாருக்கு அந்த எண்ணைக் கொடுக்கிறோம் என்பதுதான் விஷயம்.

பெரியப்பா ஓய்வுபெற்ற கணக்காளர். போனில் யார் பேசினாலும் பக்கத்தில் நோட்டு வைத்துக் குறித்துக்கொள்வார். அந்த ஆள் சொன்னதையும் காட்டியதையும் வரிசையாக எழுதி வைத்திருந்தார். அதை வைத்துத்தான் என்ன நடந்தது என்று என்னால் கோர்த்துப் பார்க்க முடிந்தது. அவன் காட்டிய 'ஆதாரங்கள்' ஒவ்வொன்றையும் விளக்கமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் உலகம் முழுக்க இந்த மோசடிக்காரர்கள் காட்டுவது இதே நாலைந்து காட்சிகளைத்தான்.

நோட்டில் முதல் வரி: "சிவப்புக் குறி நிறைய. எல்லாம் வைரஸ்." அது விண்டோஸில் இருக்கும் இவென்ட் வியூவர். கணினியில் நடக்கும் சின்னச் சின்ன விஷயங்களைக்கூட விண்டோஸ் அதில் பதிந்துகொண்டே இருக்கும். பின்னணியில் ஓடும் ஒரு சின்ன நிரல் (சர்வீஸ்) தொடங்கக் கொஞ்சம் தாமதமானாலும் மஞ்சள் முக்கோணமோ சிவப்பு வட்டமோ விழும். 10016 என்ற எண்ணோடு வரும் டிஸ்ட்ரிபியூட்டட்காம் பதிவைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. இப்போதே உங்கள் கணினியில் விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, வரும் பெட்டியில் eventvwr என்று அடித்து, இவென்ட் வியூவரைத் திறந்து பாருங்கள். நேற்று வாங்கிய கணினியிலும் சிவப்பு இருக்கும். தெரியாதவர் முதல்முறை பார்த்தால் வயிறு கலங்கத்தான் செய்யும், அதை நம்பித்தான் அவர்கள் பிழைப்பு நடத்துகிறார்கள்.

அடுத்த வரி: "ஹேக்கர்கள் உள்ளே இருக்கிறார்கள். முகவரி ஓடுகிறது." இது நெட்ஸ்டாட் என்ற கட்டளை. கணினி எந்தெந்த இணைப்பில் இருக்கிறது என்று பட்டியல் போடும். பிரவுசரில் ஒரு பக்கம் திறந்திருந்தாலே பல வரிகள் வரும். பின்னணியில் ஓடும் அப்டேட், மெயில் எல்லாம் அதில் இருக்கும். பெரியப்பா ஓர் எண்ணையும் எழுதி வைத்திருந்தார்: 127.0.0.1. அந்த எண்ணில்தான் ஹேக்கர் உட்கார்ந்திருக்கிறான் என்றானாம். அது கணினி தன்னைத்தானே குறிக்கும் முகவரி. எல்லாக் கணினியிலும் அதே எண்தான்.

அதற்கப்புறம் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் கடகடவென ஓடியிருக்கின்றன. "முழு ஸ்கேன்" என்று எழுதியிருக்கிறார். அதற்குப் பெயர் ட்ரீ. டிரைவில் இருக்கும் ஃபோல்டர் பெயர்களை வரிசையாகக் காட்டும், அவ்வளவுதான் அதன் வேலை. எதையும் ஸ்கேன் செய்யாது. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த ஆள் "வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது, லைசன்ஸ் காலாவதி" என்று தட்டச்சு செய்துவிடுவான். ஓடுவது நின்றதும் அந்த வரி கீழே கடைசியில் வந்து நிற்கும். பார்ப்பவருக்குக் கணினியே சொன்னது போலத் தெரியும். எனக்கு ரத்தம் கொதித்தது இந்த இடத்தில்தான். ஒரு மனிதரின் கண் முன்னாலேயே பொய்யைத் தட்டச்சு செய்து, அதை அவரையே வாய்விட்டுப் படிக்கவும் வைத்திருக்கிறான்.

நின்றுபோன சர்வீஸ்களின் பட்டியலையும் காட்டி "வைரஸ் இதையெல்லாம் நிறுத்திவிட்டது" என்று சொல்லியிருக்கிறான். தேவைப்படாத சர்வீஸ் நின்றுதான் இருக்கும். 888 என்று தொடங்கும் ஒரு நீண்ட எண்ணைப் படித்துக்காட்டி, "இது உங்கள் கணினிக்கு மட்டும் உரிய எண், எங்களிடமும் இருக்கிறது, சரிபாருங்கள்" என்பது இன்னொரு பழைய வித்தை. அது விண்டோஸ் கணினிகள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கும் ஓர் உள் அடையாளம். பெரியப்பாவிடம் அதைக் காட்டவில்லை, தேவைப்பட்டிருக்காது.

முகம் தெரியாத கும்பல்கள் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஆஃபீஸ் டிப்போ என்ற பெரிய நிறுவனமும் அதற்கு மென்பொருள் கொடுத்த சப்போர்ட்.காம் நிறுவனமும் 2019-இல் அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனிடம் மொத்தம் 3.5 கோடி டாலர் கட்டச் சம்மதித்தன. கமிஷன் வைத்த குற்றச்சாட்டு இது: 'பிசி ஹெல்த் செக்' என்று இலவச ஸ்கேன் செய்வார்கள். அதற்கு முன்னால் வாடிக்கையாளரிடம் சில கேள்விகள், கணினி மெதுவாக ஓடுகிறதா, பாப்அப் வருகிறதா என்பது போல. ஒன்றுக்கு ஆமாம் என்று டிக் விழுந்தால் போதும், ஸ்கேன் முடிவில் மால்வேர் (வைரஸ் போன்ற தீய மென்பொருள்) அறிகுறி என்று வந்துவிடும். ஸ்கேன் என்ன கண்டது என்பதற்கும் அந்த முடிவுக்கும் சம்பந்தமே இல்லை. படித்தவர் ஏமாறலாமா என்று கேட்பவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

சரி, பெரியப்பா விஷயத்துக்கு வருகிறேன். 'வாழ்நாள் பாதுகாப்பு' என்று சொல்லி கிரெடிட் கார்டில் பணம் வாங்கிக்கொண்டார்கள். அதற்கு அவர்கள் போட்டுக் கொடுத்தது, யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய ஓர் ஆன்டிவைரஸ். ஊர் கூடி அவரைத் திட்டும் முன் நான் கணினியைப் பார்க்கப் போனேன். எனிடெஸ்கில், யாரும் அனுமதி கொடுக்காமலேயே எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரும்படி ஒரு பாஸ்வேர்டு போட்டு வைத்திருந்தார்கள். அது போதாதென்று அதே வேலையைச் செய்யும் இன்னொரு மென்பொருள், கணினி தொடங்கும்போதே சத்தமில்லாமல் ஓடும்படி. பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் எக்ஸ்டென்ஷன் என்ற குட்டி நிரல் ஒன்று வேறு, எதைத் தேடினாலும் வேறொரு தளம் வழியாகச் சுற்றிப் போகிறது.

இன்னும் மோசமானது விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் இருந்தது. அதில் எக்ஸ்க்ளூஷன்ஸ் என்று ஓர் இடம் உண்டு. இந்த ஃபைலைச் சோதிக்காதே என்று, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டருக்குச் சொல்லி வைக்கும் இடம். அங்கே ஒரே ஒரு வரி இருந்தது. சி டிரைவ், முழுசாக. யாருக்காவது இப்படி நடந்திருந்தால் முதலில் போய்ப் பாருங்கள், நீங்கள் போடாத எதுவும் அதில் இருக்கக் கூடாது.

இது ஏன் ஆபத்து என்றால், ரிமோட் மென்பொருள்கள் முறையானவை. அதனால் பெரும்பாலான ஆன்டிவைரஸ்கள் அவற்றை வைரஸ் என்று பிடிக்காது. ஸ்கேன் செய்தேன், ஒன்றும் இல்லை என்று வந்தது, பிரச்சினை முடிந்தது என்று யாரும் விட்டுவிட வேண்டாம். வெளியாள் ஒருவர் நுழைந்து உலாவிய கணினியில் என்னென்ன மாற்றினார் என்று ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருப்பதைவிட, விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடுவது நிம்மதி. நாங்கள் அதைத்தான் செய்தோம். இணையத்தைத் துண்டித்து, புகைப்படங்களையும் ஆவணங்களையும் மட்டும் வெளியே எடுத்துவிட்டு, 'ரீசெட் திஸ் பிசி'யில் எல்லாவற்றையும் நீக்கும் வழியைத் தேர்ந்தெடுத்தோம். புரோகிராம் ஃபைல் எதையும் திரும்ப உள்ளே கொண்டுவரவில்லை.

அதற்கு முன்பே செய்ய வேண்டியது வங்கிக்குப் போன். கார்டை முடக்கி, மோசடி என்று எழுத்தில் புகார் கொடுத்து, பணத்தைத் திரும்பப் பெறும் நடைமுறையைக் கேளுங்கள். தாமதித்தால் வாய்ப்பு குறையும். சைபர் குற்றப் புகாரும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள். பாஸ்வேர்டுகளை வேறொரு சாதனத்திலிருந்து மாற்றுங்கள், அந்தக் கணினியிலிருந்து வேண்டாம். மின்னஞ்சல் முதலில், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்குகளுக்கும் சாவி அங்கேதான் இருக்கிறது. மின்னஞ்சல் செட்டிங்ஸில் வேறு யாருக்காவது மெயில் தானாகப் போகும்படி ஃபார்வர்டிங் போட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பாஸ்வேர்டை மாற்றினாலும் அது அப்படியே இருந்துவிடலாம்.

அந்த அலறும் பக்கத்தைப் பற்றி. அது வெறும் இணையப் பக்கம். முழுத்திரையில் திறந்துகொண்டதால் எக்ஸ் குறி மறைந்துவிடுகிறது. எஸ்கேப் விசையைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். போகவில்லையா, ஆல்ட்டோடு எஃப்4. அதுவும் முடியாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும், அதில் பிரவுசரை மூடிவிடலாம். பதற்றத்தில் இது எதுவும் நினைவுக்கு வரவில்லை என்றால் கணினியையே அணைத்துவிடுங்கள், ஒன்றும் ஆகாது. மறுபடி பிரவுசரைத் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். விண்டோஸின் உண்மையான எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்காது. மைக்ரோசாஃப்டே இதைத் தெளிவாக அறிவித்திருக்கிறது.

திரையின் வலது மூலையில் "வைரஸ் 5 உள்ளது" என்று அடிக்கடி குட்டிப் பெட்டி வருகிறது என்று சிலர் சொல்வார்கள். அநேகமாக அதுவும் வைரஸ் இல்லை. 'நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலௌ அழுத்துங்கள்' என்று ஏதோ ஒரு தளம் கேட்டு, நோட்டிஃபிகேஷன் அனுமதி வாங்கியிருக்கும். பிரவுசர் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய் அந்தத் தளத்தை நீக்கினால் நின்றுவிடும்.

உண்மையிலேயே சந்தேகம் வந்தால் விண்டோஸ் 8 முதல் கூடவே வரும் டிஃபெண்டர் போதும் என்பது என் கருத்து. விண்டோஸ் 10, 11-இல் அதிலேயே ஆஃப்லைன் ஸ்கேன் இருக்கிறது. கணினியை மறுதொடக்கம் செய்து, விண்டோஸ் முழுதாக எழும்புவதற்கு முன்பே சோதிக்கும். ஒளிந்துகொள்ளும் வைரஸ்களுக்கு அதுதான் சரி. சுமார் 15 நிமிடம் ஆகும். உதவி எண் தேவைப்பட்டால் கூகுளில் தேடி மேலே வரும் விளம்பரத்தைத் தொடாதீர்கள். அந்த நிறுவனத்தின் தளத்துக்கு நீங்களே முகவரி அடித்துப் போங்கள்.

கடைசியாக, ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு. சில காலம் கழித்துப் பெரியப்பாவுக்கு இன்னொரு அழைப்பு வந்தது. "சார், எங்க கம்பெனிய மூடுறோம், நீங்க கட்டின பணத்தத் திருப்பித் தரணும்" என்று. மறுபடி கணினிக்குள் வருவார்கள். வங்கிப் பக்கத்தைத் திறக்கச் சொல்வார்கள். திரையைக் கறுப்பாக்கிவிட்டு, உங்கள் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் பணத்தை மாற்றியோ, பக்கத்தில் தெரியும் எண்ணை மட்டும் திருத்தியோ, தவறுதலாக அதிகமாக அனுப்பிவிட்டதாகக் காட்டுவார்கள். "என் வேலையே போயிடும் சார், மீதியை கிஃப்ட் கார்டா வாங்கி நம்பரச் சொல்லுங்க" என்று அழுவார்கள். அந்த நம்பரைச் சொல்லிவிட்டால் பணம் திரும்ப வர வழியில்லை. பெரியப்பா நோட்டை எடுத்து, அழைத்த எண்ணைக் குறித்துக்கொண்டு வைத்துவிட்டார். மறுநாள் அதையும் புகாரோடு சேர்த்துக் கொடுத்தோம். உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால், இந்த இரண்டாவது அழைப்பு வரலாம் என்று இன்றைக்கே சொல்லி வையுங்கள். மாதக்கணக்கில் ஆன பிறகும் வரும்.