பாக்கெட்டா, வார்டா?

பஞ்சமோ போரோ, முகாமில் எலும்பும் தோலுமாய் ஒரு குழந்தை வந்தால் முதல் கேள்வி இதுதான்: வார்டில் சேர்ப்பதா, வீட்டில் வைத்தே தேற்றுவதா?

வார்டில் எஃப்-75 என்கிற சிகிச்சைப் பால். 100 மில்லிக்கு 75 கிலோகலோரி. வேண்டுமென்றே மட்டாக வைத்தது. ஒட்டிப்போன உடம்பில் சட்டென்று சத்தைக் கொட்டினால் ரத்தத்தில் உப்புகளின் அளவு குலைந்து உயிரே போகலாம். இரண்டு மூன்று மணிக்கொரு தடவை, ராத்திரியும் கொடுக்க வேண்டும். நர்ஸ் வேண்டும், சுத்தமான தண்ணீர் வேண்டும். தாயும் அங்கேயே கிடக்க வேண்டும். மற்ற பிள்ளைகளை யார் பார்ப்பது?

வீட்டுக்கு வேர்க்கடலைப் பசை. 92 கிராம் பாக்கெட்டில் 500 கிலோகலோரி. அடுப்பு வேண்டாம், தண்ணீர் கலக்க வேண்டாம். மூலையைக் கிழித்தால் பிள்ளை தானே பிதுக்கிச் சப்பும். 2005-ல் நைஜர் பஞ்சத்தில் பெரிய அளவில் கைகொடுத்தது. 2007-ல் ஐநா அமைப்புகளும் இந்த முறையை ஏற்றன. (அண்ணன்மார் பங்கு கேட்பது தனிக்கதை.)

என் ஓட்டு பாக்கெட்டுக்குத்தான். புஜத்தின் சுற்றளவு 115 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தாலும் (கடும் ஊட்டச்சத்துக் குறைவுக்கு அதுதான் அடையாளம்), வேறு நோயில்லாமல் நம் கண்முன்னே பசையைத் தின்கிற குழந்தையை வீட்டுக்கு அனுப்பலாம். முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, காய்ச்சலில் துவண்டு கிடந்தாலோ பேச்சே இல்லை, வார்டுதான்.