லேப்ரடார், சிப்பிப்பாறை, நாட்டு நாய்: பல வருடப் பயன்பாட்டில் எந்தப் பயிற்சிப் பொருள் தேறியது?

மூன்று வகை நாய்கள் வளரும் வீட்டில் பயிற்சியைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடியாது. லேப்ரடாரிடம் பலித்த முறை சிப்பிப்பாறையிடம் எடுபடாது. சிப்பிப்பாறைக்காக மாற்றிய முறையை நாட்டு நாய் சந்தேகத்தோடு பார்க்கும். ஏன் என்று தேடிப் போனவர்கள்தான் பிற்பாடு அக்கம்பக்கத்து நாய்களையும் பழக்கப் போகிறார்கள். அப்படிப் பல வருடம் கையாண்ட பொருட்கள், முறைகள் பற்றிய மதிப்பீடு இது.

முதலில் கழுத்து பெல்ட். லேப்ரடாருக்கும் நாட்டு நாய்க்கும் கடையில் கிடைக்கும் சாதாரண நைலான் பெல்ட் போதும். இரண்டு விரல் நுழையும் அளவு தளர்வு இருக்க வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்களுக்கு இது ஆபத்து. அவற்றின் தலை ஒடுக்கம், கழுத்தும் தலையும் ஏறக்குறைய ஒரே அகலம். மிரண்டு பின்னால் இழுத்தால் பெல்ட் காது வழியாக உருவிக்கொண்டு வந்துவிடும். அதற்காக இன்னும் இறுக்கிக் கட்டினால் மெல்லிய தோல் புண்ணாகும். இவற்றுக்குத் தேவை மார்ட்டிங்கேல் பெல்ட். பெரிய பட்டை வளையத்தின் இரு முனைகளிலும் உள்ள உலோக வளையங்கள் வழியாக ஒரு சின்னப் பட்டை வளையம் ஓடும். இழுக்கும்போது கழுத்தளவுக்கு இறுகி, அதற்கு மேல் இறுகாது. முழுதாக இறுகிய நிலையில் இரண்டு உலோக வளையங்களும் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் பெல்ட் பெரியது என்று அர்த்தம். அகலம் ஒன்றரை முதல் இரண்டு அங்குலம், உள்பக்கம் மெத்தென்ற துணி, காதுக்குச் சற்றுப் பின்னால் உயரத்தில் உட்கார வேண்டும். ஊர்க் கடைகளில் கிடைக்காவிட்டால் அளவு கொடுத்து பை தைப்பவரிடம் தைத்துக்கொள்ளலாம். வீட்டில் தனியாக இருக்கும்போது கழற்றிவிடுங்கள். சின்ன வளையம் எதிலாவது மாட்டினால் கழுத்தை இறுக்கும்.

இழுக்க இழுக்கக் கழுத்தை இறுக்கும் சங்கிலியான சோக் செயினைப் பரிந்துரைக்கவே மாட்டேன். வலி நாயை நிறுத்துவது உண்மைதான். ஆனால் எதிரே ஒரு குழந்தை வரும்போது வலித்தால், நாய் அந்த வலியைக் குழந்தையோடு முடிச்சுப் போட்டுக்கொள்ளும். பிறகு குழந்தையைக் கண்டாலே உறுமும். மூச்சுக்குழலுக்கும் கேடு.

இழுக்கும் லேப்ரடாருக்கு, மார்பையும் முதுகையும் சுற்றி மாட்டும் பாடி பெல்ட் நல்லது, ஆனால் எந்த வகை என்று பார்த்து வாங்க வேண்டும். முதுகில் மட்டும் கொக்கி உள்ளதை மாட்டினால் வண்டி மாடு போல உடம்பைச் சாய்த்து இன்னும் வசதியாக இழுக்கும். மார்பில் கொக்கி உள்ள வகையில், இழுத்த உடன் உடம்பு நம் பக்கம் திரும்பும். தோளைக் குறுக்கே மறிக்காமல், முன்பக்கம் ‘ஒய்’ வடிவில் இருப்பதாகத் தேர்ந்தெடுங்கள். நம் ஊர் வெயிலிலும் ஈரப் பசையிலும் அக்குள் பகுதி உராய்ந்து சிவக்கும்; நடை முடிந்ததும் கழற்றி, வாரம் ஒருமுறை துவைத்துக் காயவைக்க வேண்டும். கடலோர ஊர்களில் இரும்புக் கொக்கி சீக்கிரம் துருப்பிடிக்கும். பித்தளையோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ வாங்கினால் அந்தக் கவலை இல்லை.

உண்மையில் இந்தப் பொருட்கள் எதுவும் நாயைப் பழக்குவதில்லை, ஆபத்தில்லாமல் பழக்க அவகாசம் மட்டும் தருகின்றன. பழக்குவது, அந்த நாய் எதற்கு ஆசைப்படுகிறதோ அது.

லேப்ரடாருக்குத் தீனி. சில லேப்ரடார்களுக்குப் பசி அடங்காமல் இருக்கப் பிஓஎம்சி என்ற மரபணுவில் உள்ள குறை ஒரு காரணம் என்று 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டார்கள். பயிற்சிக்கு அது வசதி, உடல் எடைக்குச் சங்கடம். கோழி ஈரல் 250 கிராம், உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் பத்து நிமிடம் வேகவைத்து, பட்டாணி அளவில் நறுக்கி, தோசைக்கல்லில் சிறு தீயில் கையில் ஒட்டாத பதம் வரும்வரை வாட்டுங்கள். குளிர்பெட்டியில் மூன்று நாள் தாங்கும். தினமும் ஈரல் வேண்டாம். வைட்டமின் ஏ மிகுதியாகும், வயிறும் இளகும். இடையிடையே வேகவைத்த கோழி நெஞ்சுக்கறியோ வெள்ளரித் துண்டோ கொடுக்கலாம். எல்லாத் துண்டும் சேர்ந்து அன்றைய உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கொடுத்த அளவுக்குச் சோற்றைக் குறையுங்கள்.

சிப்பிப்பாறைக்கு ஈரல் வீட்டுக்குள் வரைதான் செல்லுபடியாகும். முயல் துரத்த உருவான இனம். ஓடும் ஆட்டுக்குட்டி கண்ணில் பட்டுவிட்டால் காதும் மூக்கும் வேலை செய்யாது. அதற்குக் கொடுக்க வேண்டிய பரிசு துரத்தல்தான். ஒன்றரை மீட்டர் பிவிசி குழாய்க்குள் கயிற்றை விட்டு, முனையில் பழைய துணியைக் கட்டுங்கள். நாய் உட்கார்ந்து நம் கண்ணைப் பார்த்தால் துணி ஓடும், உட்காராமல் பாய்ந்தால் துணி நிற்கும். ஐந்து நிமிடம் போதும். ஒரு வயது ஆகும்வரை திடீர் திருப்பமும் குதிப்பும் வேண்டாம், மூட்டு கெடும். என்ன பழக்கினாலும், வேலி இல்லாத வெளியில் இதை அவிழ்த்துவிடாதீர்கள்.

நாட்டு நாய்க்கு மிகப் பெரிய பரிசு இடைவெளி. விருந்தாளி வந்தால் பக்கத்தில் இழுத்துப் போய் அறிமுகம் செய்வதைப் போல அதற்குக் கொடுமை வேறில்லை. தீனித் துண்டைக் கொடுத்தும் வாங்காவிட்டால் பயம் எல்லை மீறிவிட்டது என்று கொள்ளுங்கள். அது வாங்கித் தின்னும் தூரம் வரை பின்வாங்குங்கள். ஆளைப் பார்த்துவிட்டு அமைதியாக முகம் திருப்பினால் துண்டு கொடுத்து, இன்னும் இரண்டடி விலகுங்கள். இதில் அவசரப்பட்டவர்கள் யாரும் வென்று பார்த்ததில்லை.

அழுத்தினால் ‘கிளிக்’ என்று சத்தம் எழுப்பும் சின்னக் கருவியான கிளிக்கர் மலிவான பொருள், நல்ல பொருள். முதலில் சத்தம், உடனே துண்டு என்று பத்துப் பதினைந்து முறை செய்தால் சத்தத்தின் பொருள் பிடிபடும். சரியான செயல் நடக்கும் அந்த நொடியில் அழுத்த வேண்டும். தாமதித்தால், உட்கார்ந்ததற்கு அல்ல, எழுந்ததற்குத்தான் பரிசு என்று நாய் கற்கும். சத்தத்துக்கு மிரளும் நாய்க்குத் துணியில் சுற்றி அழுத்தலாம், அல்லது ‘சரி’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொள்ளலாம்.

கூப்பிட்டால் வருவதற்குப் பத்து மீட்டர் நீளக் கயிறு வேண்டும். கழுத்தில் அல்ல, பாடி பெல்ட்டின் முதுகுக் கொக்கியில் மாட்டுங்கள். ஓடிப்போய்ச் சடாரென்று நின்றால் கழுத்து தாங்காது. நைலான் கயிறு உள்ளங்கையைச் சுட்டு உரித்துவிடும், பருத்தி நாடாவே மேல். வீட்டுக்குள் இரண்டு மீட்டரில் தொடங்கி, மொட்டை மாடி, பிறகு காலி மைதானம். ‘வா’ ஒரே ஒரு முறை. திரும்பிய நொடியில் கிளிக். வந்ததும் முதலில் பெல்ட்டைத் தொட்டு, அப்புறம் துண்டு. அப்போதுதான் பிடிக்க வரும் கையைக் கண்டு நழுவாது. பழக்கம் கெடுவதற்கு வழக்கமான காரணம், குளிப்பாட்டவும் விளையாட்டை முடிக்கவும் மட்டும் ‘வா’ என்று கூப்பிடுவது. அந்த வேலைகளுக்கு நாமே நடந்து போய் அழைத்துவர வேண்டும்.

வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். அம்மா ‘இறங்கு’ என்று விரட்டும்போது தாத்தா தட்டிலிருந்து தோசை போட்டால், மேலே தாவும் பழக்கம் ஒருநாளும் போகாது. தாவும்போது நாம் கவனிக்காமல் முகம் திருப்பத் தொடங்கியதும், நாய் முதலில் இன்னும் மூர்க்கமாகத் தாவும், குரைக்கும். முறை தோற்றதாக நினைத்துப் பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். பழைய தந்திரம் பலிக்காததால் நாய் கடைசியாகப் பலத்தைக் கூட்டிப் பார்க்கிறது, அவ்வளவே. அப்போது ஒரே ஒரு முறை விட்டுக்கொடுத்தாலும், மூர்க்கமாகத் தாவினால் கிடைக்கும் என்று கற்றுக்கொள்ளும். நான்கு காலும் தரையில் பட்ட நொடியில், தாத்தாவின் கையாலேயே துண்டைத் தரையில் வைக்கச் சொல்லுங்கள்.