குடலில் கட்டி: கத்தியா, மாத்திரையா?

கோபி பக்கம் எங்கள் தோட்டத்து நாய் மணிக்கு வயது பதினொன்று. மூன்று வாரமாக வாந்தி, கறுத்த மலம், எலும்பு தெரிய இளைப்பு. ஸ்கேனில் சிறுகுடலில் கட்டி. "வயசான நாய்க்கு எதுக்கு கண்ணு ஆபரேசன்?" என்றார் அப்புச்சி.

அறுவையில் கட்டியை மட்டும் எடுப்பதில்லை. இருபுறமும் சில சென்டிமீட்டர் நல்ல குடலையும் சேர்த்து வெட்டி, முனைகளைத் தைத்து இணைப்பார்கள். பக்கத்து நிணநீர்க் கணுவிலும் துண்டெடுத்துச் சோதிப்பார்கள். அப்புறம் வரும் 3 முதல் 5 நாள்தான் வயிற்றில் புளியைக் கரைக்கும். தையல் கசிந்தால் உயிருக்கே ஆபத்து. அதைத் தாண்டிவிட்டால், அடினோகார்சினோமா (குடலின் உட்சுவரில் தோன்றும் புற்று) கணுவுக்குப் பரவாத நாய்கள் பல ஒரு வருடத்துக்கு மேலும் இருக்கின்றன. பரவியிருந்தால் பெரும்பாலும் சில மாதம்தான்.

மாத்திரையில் வாந்தியும் வலியும் கொஞ்சம் அடங்கும். கட்டி வளர்ந்து குடலை அடைப்பது நிற்காது.

கட்டி லிம்போமா (நிணநீர்ச் செல்களில் வரும் புற்று) என்றால் கணக்கே வேறு. அடைப்போ ஓட்டையோ இல்லாவிட்டால் பொதுவாகக் கீமோதான். சோதனைக்கு முன்பே ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால் நோய் கண்ணாமூச்சி காட்டும்.

மார்பு எக்ஸ்ரேயில் பரவல் இல்லையென்றால் என் ஓட்டு அறுவைக்கே. நாமக்கல் கால்நடைக் கல்லூரிக்குப் போக வண்டி சொல்லியாயிற்று. அப்புச்சி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.