நாகர்கோவிலில் எம்.எஸ்சி. வேதியியல் டியூஷன்: மின்வேதியியலுக்கு மட்டும் தாராளமாகப் போகலாம்

வடசேரி பக்கம் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் தன் வீட்டு மாடியில் எம்.எஸ்சி. மற்றும் நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு) படிப்பவர்களுக்கு ஞாயிறு வகுப்பு எடுக்கிறார். போர்டு கிடையாது, படித்துவிட்டுப் போனவர்கள் சொல்லித்தான் ஆள் வருகிறது. விளம்பரம் பிடிக்காத மனுஷன், அதனால் பெயர் போடவில்லை.

மின்வேதியியல் என்றால் மற்ற இடங்களில் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டை (செறிவுக்கேற்ப மின்னழுத்தம் மாறுவதைச் சொல்லும் சூத்திரம்) எழுதிவிட்டு நேரே கணக்குக்குப் போய்விடுவார்கள். இவர் கோபால்ட்டில் ஆரம்பிக்கிறார். தண்ணீர் மூலக்கூறுகள் சூழ்ந்த கோபால்ட் 3+/2+ ஜோடிக்கு மின்னழுத்தம் 1.9 வோல்ட் பக்கம், அதாவது தண்ணீரையே ஆக்ஸிஜனேற்றிவிடும். அதே கோபால்ட்டைச் சுற்றி ஆறு அம்மோனியா வந்தால் 0.1 வோல்ட்டுக்கு இறங்கிவிடுகிறது. "உலோகம் அதேதான் மக்களே, பக்கத்துல யாரு நிக்கான்னு பாருங்க" என்று சொல்லிவிட்டு, எந்த ஈனி (உலோகத்தைச் சூழ்ந்து பிணையும் மூலக்கூறு அல்லது அயனி) 3+, 2+ இரண்டில் எந்த நிலையை அதிகம் நிலைப்படுத்துகிறது என்று நம் வாயிலிருந்தே வரவழைக்கிறார். தாமிரத்துக்கு லாட்டிமர் படம் (ஒரு தனிமத்தின் நிலைகளை வரிசையாக எழுதி நடுவே மின்னழுத்தங்களைக் குறிப்பது) போடும்போது Cu²⁺-லிருந்து Cu⁺-க்கு 0.16, Cu⁺-லிருந்து தாமிரத்துக்கு 0.52 வோல்ட் என இரண்டையும் எழுதி, Cu⁺ ஏன் தண்ணீரில் தங்காமல் Cu²⁺ ஆகவும் தாமிரமாகவும் பிரிகிறது என்று கேட்பார். இரண்டாவது எண் பெரிது என்பதைக் கவனித்தவர்களுக்கு விடை அங்கேயே இருக்கிறது.

அப்புறம் அவரிடம் இருக்கும் பழைய பொட்டென்ஷியோஸ்டாட், அதாவது மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை அளக்கும் கருவி. கிளாஸி கார்பன் மின்வாயை அலுமினா குழம்பில் டூவீலர் லைசென்ஸுக்கு எட்டு போடுகிற மாதிரி தேய்த்துத் துடைக்க வேண்டும், சோம்பேறித்தனமாகத் தேய்த்தால் சோதனைக் கரைசலான ஃபெர்ரிசயனைடின் வரைபடத்தில் இரண்டு உச்சிகளும் விலகி நின்று நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். மீள்தன்மை உள்ள ஒரு எலெக்ட்ரான் வினைக்கு அந்த இடைவெளி 25 டிகிரியில் 59 மில்லிவோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். ஸ்கேன் வேகத்தை (மின்னழுத்தத்தை மாற்றும் வேகம்) நாலு மடங்காக்கினால் மின்னோட்டம் ஏன் இரண்டு மடங்குதான் ஏறுகிறது என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார், திரும்பி வரும்போது யாராவது ஒருவர் 'டிஃப்யூஷன்' (அயனிகள் மின்வாய்க்குப் பரவி வருவது) என்று ஆரம்பித்திருக்க வேண்டும். காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) புராஜெக்ட் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு இந்தப் பகுதி நல்ல அடித்தளம்.

அவருடைய ஆராய்ச்சி உலோக அணைவுச் சேர்மங்களில். ஆனால் கடலோர குளச்சல், முட்டம் பசங்க ஜன்னல் கம்பி துருப்பிடிப்பதைப் பற்றிக் கேட்டாலும் மின்னழுத்தம் துத்தநாகத்துக்கு −0.76, இரும்புக்கு −0.44 வோல்ட் என்று எழுதி, துத்தநாகப் பூச்சு கீறினாலும் உள்ளே இருக்கும் இரும்பு ஏன் தப்பிக்கிறது என்பதுவரை விளக்குகிறார்.

குறைகளும் உண்டு. நேரத்துக்குத் தொடங்குவதில்லை. பழைய வினாத்தாள் போட்டுப் பார்ப்பது அறவே இல்லை, அதற்கு வேறு இடம் பாருங்கள். கரிம உலோக வேதியியலை ஓட்டிவிடுகிறார். கரைசலிலிருந்து ஆக்ஸிஜனை விரட்டும் நைட்ரஜன் சிலிண்டர் அடிக்கடி காலி, அன்றைக்கு மின்னழுத்தத்தை மைனஸ் பக்கம் கொண்டுபோனால் ஆக்ஸிஜனின் அலைதான் தெரியும். ஜெராக்ஸ் நோட்ஸில் கையெழுத்து பாதி புரியாது. கட்டணத்தை மொத்தமாகக் கேட்க மாட்டார், பாடத்துக்குப் பாடம் கொடுத்தால் போதும், அதனால் மின்வேதியியலுக்கு மட்டும் சேர்ந்துவிட்டு விலகினாலும் கோபித்துக்கொள்ள மாட்டார்.