மூட்டமும் புகையும் உள்ள வீட்டுக்கு எந்த ரேஸ் கார்?

ஃபோர்முலா வன் கார் ஒன்றை வீட்டில் கட்டி வைக்க ஆசைப்படுகிறவருக்கு மூன்று வழி இருக்கிறது. டென்மார்க்கின் பிளாஸ்டிக் கட்டை நிறுவனமான லெகோவின் டெக்னிக் (பற்சக்கரம் சுற்றி இயங்கும் வகை) செட் வாங்கலாம். அதே மாதிரித் துளை போட்ட பீமும், அவற்றை இணைக்கும் பின் என்ற முளையுமாக வரும் சீனத்து செட் வாங்கலாம். இரண்டும் வேண்டாம் என்றால் ஜப்பானின் தமியா கிட் வாங்கி, பசை வைத்து ஒட்டி, பெயின்ட் அடிக்கலாம். நான் கடைசியில் எடுத்தது லெகோ, 2024இல் வந்த மெர்சிடிஸ் டபிள்யூ14. அதனால் எழுத்து கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். சீனத்து செட் ஒன்றை அதற்கு முன்பு கட்டிக் கழற்றியிருக்கிறேன். தமியா விஷயத்தில் என் அனுபவம் எல்லாம் பண்டாரவளையில் இருக்கும் மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்ததுதான்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுவோம். நிஜக் காரை அப்படியே சுருக்கி வைத்த மாதிரி வேண்டும் என்றால் தமியாதான். 1/20 அளவில்கூட இறக்கையின் விளிம்பு வரைக்கும் ஒழுங்காக இருக்கும். கட்டையில் கட்டும் காரில் துளைகள் தெரியும், பீம்களுக்கு நடுவே இடைவெளி தெரியும். கைக்காசு கம்மி என்றால் சீனத்து செட். பிறகு விற்கும் எண்ணம் இருந்தால் லெகோ. ஆனால் விற்கும்போது பெட்டியையும் புத்தகத்தையும் கேட்பார்கள், அது இரண்டிலும் பூஞ்சணம் ஏறாமல் பார்ப்பது நம் இலங்கை மலைநாட்டில் தனிப் போராட்டம். சரி, இனி விஷயத்துக்கு வருவோம்.

டபிள்யூ14இல் 1642 துண்டுகள். கட்டி முடித்தால் 63 சென்ரிமீற்றர் நீளம், சின்ன வீட்டில் ஷோகேஸின் ஒரு தட்டு முழுவதும் போய்விடும். ஸ்டியரிங் திரும்பும், சஸ்பென்ஷன் அமுங்கி எழும்பும், பின் இறக்கையின் மேல் தட்டு, நிஜக் காரில் காற்றுத் தடையைக் குறைக்கத் திறக்கும் டிஆர்எஸ் போலத் திறக்கும். பின் சக்கரத்தை உருட்டினால் வி6 எஞ்சினின் பிஸ்டன் ஆறும் ஏறி இறங்கும். எனக்குப் பிடித்தது டிஃபரன்ஷியல். காரைத் தூக்கிப் பிடித்து ஒரு பின் சக்கரத்தை முன்னே தள்ளினால் மற்றது பின்னே சுற்றும். றம்பொடை வளைவுகளில் பஸ் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கத்தைவிட அதிக தூரம் ஓடியாக வேண்டும், அது எப்படி நடக்கிறது என்று பிள்ளைகள் கேட்டால் வாயால் விளக்குவதைவிட இதைக் கையில் கொடுப்பது லேசு. தமியா கார் எவ்வளவு அழகாக இருந்தாலும் கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்கிற சாமான். இது கையில் எடுத்து உருட்டுகிற சாமான்.

இதே வரிசையில் 2022இல் வந்த மெக்லரனும் இருக்கிறது. 1432 துண்டு, 65 சென்ரிமீற்றர். அந்த வருடத்து நிஜக் கார் இன்னும் உருவாகிக்கொண்டிருந்தபோதே லெகோக்காரர்கள் மாடலையும் வரைந்ததால் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. எனக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. மெர்சிடிஸை எடுத்ததற்குக் காரணம் கறுப்பு நிறம். நிஜக் காரில் எடையைக் குறைக்க பெயின்டைக் குறைத்து கார்பனை வெறுமையாக விட்டார்கள், அதனால் வந்த கறுப்பு. 2023 முழுக்க ஒரு பந்தயமும் ஜெயிக்காத கார் என்று மச்சான் இன்னும் சொல்லிக் காட்டுகிறான். இருக்கட்டும்.

ஆனால் அந்தக் கறுப்புதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான கேள்விக்கு என்னைக் கொண்டுவந்து விட்டது. கட்டி வைத்த பிறகு இதைச் சுத்தமாக வைத்திருப்பது எப்படி?

தலவாக்கலை, நானுஓயா, நுவரெலியா பக்கம் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பின்னேரம் மூட்டம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். மே மாதம் மழை பிடித்தால் துணி நாள்கணக்கில் காயாது. அதோடு விறகு அடுப்பு. புகைக்கரியும் ஈரமும் சேர்ந்து எந்தப் பிளாஸ்டிக் சாமானின் மேலும் பிசுபிசுவென்று ஒரு படலம் போடும். கொழும்பில் இருப்பவர்கள் சொல்கிற மாதிரி பிரஷால் தட்டிவிட்டால் போகிற தூசு இல்லை இது, பிரஷ் வைத்தால் இழுபட்டுக் கோடு விழும். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் கரி வராது, ஆனால் உள்ளே மாட்டிய ஈரம் வெளியே போகாது. சிலிக்கா ஜெல் போட்டாலும் அதை அடிக்கடி எடுத்துச் சூடுகாட்டிக் காயவைக்க வேண்டும். ஆக, மலைநாட்டில் மாடல் கார் வாங்குகிறவர் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இதைக் கழற்றிக் கழுவி மறுபடி பூட்டலாமா என்பதுதான்.

தமியா இந்த இடத்திலேயே பின்னால் போய்விடுகிறது. ஒட்டினது ஒட்டினதுதான், இனிப் பிரிக்க முடியாது. டெக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னம்) ஒட்டி வார்னிஷ் அடித்த பாடியை மெதுவாகத் துடைக்கலாம், சஸ்பென்ஷன் கம்பிகளுக்கு நடுவே விரல் போகாது, போனால் கம்பி வரும். அதற்கும் முன்னால் பெயின்ட் அடிக்கிற கட்டம் ஒன்று இருக்கிறதே. காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும்போது லாக்கர் பெயின்ட் ஸ்ப்ரே பண்ணினால், அது காயும்போது மேற்பரப்பு குளிர்ந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பளபளப்புப் போய் வெள்ளையாகப் பூத்துவிடும். எங்கள் பக்கம் வருடத்தில் பாதி நாள் அந்த மாதிரிக் காற்றுதான். பெயின்டும் பசையும் தீப்பிடிக்கிற சாமான் என்பதால் வெளிநாட்டில் இருந்து விமானத் தபாலிலும் வராது, கொழும்பில் தேடித்தான் எடுக்க வேண்டும்.

கட்டையில் கட்டும் கார் இதற்கு நேரெதிர். முழுவதையும் பிரிக்க வேண்டியதுகூட இல்லை. முன் இறக்கை, பின் இறக்கை, எஞ்சின் மூடி, பக்கப் பலகைகள், சக்கரம் என்று பகுதி பகுதியாகக் கழரும். நான் செய்கிற முறை இது: வெயில் நம்பிக்கையாக அடிக்கிற பெப்ரவரி, மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை எடுத்துக்கொள்வேன். ஸ்டிக்கர் ஒட்டிய துண்டுகளைத் தனியே ஒதுக்கி, நனைத்துப் பிழிந்த துணியால் மட்டும் துடைப்பேன். மற்றதை எல்லாம் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்புப் போட்டு ஊறவைப்பேன். லெகோ சொல்கிற உச்சவரம்பு 40 பாகை செல்சியஸ், கை பொறுக்கிற சூடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய பல்துலக்கும் பிரஷால் பற்சக்கரங்களைத் தேய்த்தால் தண்ணீர் தேநீர்ச் சாயம் மாதிரி இறங்கும்.

காயவைப்பதுதான் பொறுமையைச் சோதிக்கும். டெக்னிக் பின்கள் உள்ளே குழாய். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஒளிந்துகொண்டால் இரண்டு நாளானாலும் இருக்கும், பூட்டின பிறகு அந்த இடத்தில் மணக்கத் தொடங்கும். துணியில் கட்டி நன்றாக உதறி, சுளகில் பரப்பி, நிழலில் காற்றோட்டமாக வைக்க வேண்டும். நேர் வெயிலில் வைத்தால் வெள்ளைத் துண்டுகள் நாளடைவில் மஞ்சளாகும். அடுப்புத் திண்ணையில் வைக்கவே வேண்டாம். காய்கிற நேரத்தில் பின்களைப் பிரித்துக்கொள்ளலாம். கறுப்புப் பின் இறுக்கமாகப் பிடிக்கும், சாம்பல் பின் லேசாகச் சுற்றும். நீளமானதில் நீலம் இறுக்கம், மங்கல் மஞ்சள் லேசு. ஸ்டியரிங் மூட்டில் சாம்பல் பின் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பைப் போட்டால் சக்கரம் திரும்பாமல் முறைத்துக்கொண்டு நிற்கும். இந்த நிறக் கணக்கைப் பிள்ளைகள் நம்மைவிட வேகமாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

இப்போது சீனத்து செட். கழுவலாம் என்று பார்த்தால் அதையும் கழுவலாம், பிளாஸ்டிக் ஒரே இனம்தான். வித்தியாசம் மறுபடி பூட்டும்போது தெரிகிறது. நான் கட்டியதன் பெயர் வேண்டாம். முதல் தடவை கட்டும்போது குறை ஒன்றும் பெரிதாக இல்லை, சில பின்கள் மட்டும் குறடு பிடித்து அழுத்துகிற அளவுக்கு இறுக்கம். கழற்றும்போது அந்த இறுக்கமான இடங்களில் பிளாஸ்டிக் வெளுத்துக் கோடு விழுந்தது. திருப்பிப் பூட்டினபோது அதே துளைகள் தொளதொளத்தன. முன் சஸ்பென்ஷனின் ஒரு கை விரிந்து, கார் ஒரு பக்கமாகக் குந்தி நின்றது. மாற்றுத் துண்டு கேட்டு விற்றவருக்கு எழுதினேன், பதில் இல்லை. லெகோ துண்டுகள் கழற்றிப் பூட்டிய பிறகும் அதே சத்தத்தோடுதான் உட்காருகின்றன. அச்சுகளைச் சில மைக்ரோன் துல்லியத்தில் வைத்திருப்பதாக அவர்கள் சொல்லிக்கொள்வது விளம்பரத்துக்கு மட்டும் இல்லை என்று எனக்குப் பட்டது அப்போதுதான்.

ஒரே ஒரு செட்டை வைத்து ஒரு நாட்டின் தயாரிப்பையே எடைபோடக் கூடாது, அது சரி. என்னுடையது கொஞ்சம் பழையது. இப்போது வருகிறவற்றின் இறுக்கம் எவ்வளவோ தேறிவிட்டது என்று கட்டியவர்கள் சொல்கிறார்கள். காடா மாதிரிச் சில நிறுவனங்கள் சொந்த வடிவமைப்பிலேயே கார் விடுகின்றன. அதைப் போலி என்று ஒதுக்கவும் முடியாது. கட்டைக்கான காப்புரிமை லெகோ 1958இல் பதிந்தது, காலாவதியாகிப் பல காலம். அந்த வடிவத்தையே வணிகக் குறியாக வைத்துக்கொள்ளப் பார்த்ததை 2010இல் ஐரோப்பிய நீதிமன்றமும் மறுத்துவிட்டது. செட்டை அப்படியே நகலெடுத்து விற்பது வேறு கதை. லெபின் என்ற பெயரில் அதைச் செய்த கும்பலை 2019இல் ஷங்ஹாய் பொலிஸ் பிடித்தது, அடுத்த வருடம் சிறைத் தண்டனையும் கொடுத்தார்கள். பெட்டியில் இருக்கும் படம் லெகோ படம் மாதிரியே இருந்து, பெயர் மட்டும் வேறாக இருந்தால் தள்ளிப்போவது நல்லது.

லெகோ மேல் எனக்குக் கோபமே இல்லை என்று நினைக்க வேண்டாம். 2024இல் வந்தபோது அமெரிக்க விலையே 220 டொலர், இங்கே வந்து சேரும்போது கூலியும் வரியும் அதன் தலையில் ஏறும். அவ்வளவு காசு வாங்கிக்கொண்டு ஸ்பொன்ஸர் பெயர்களை எல்லாம் ஸ்டிக்கராகத் தாளில் கொடுக்கிறார்கள். ஸ்டிக்கர்தான் கழுவுதலின் எதிரி. ஈரக் காற்றில் முதலில் ஓரம் எழும்பும், எழும்பின ஓரத்தில் கரி போய் உட்காரும், பிறகு எதைச் செய்தாலும் அந்தக் கறுப்புக் கோடு போகாது. பிளாஸ்டிக்கிலேயே அச்சடித்துக் கொடுக்கிற சீனத்து நிறுவனங்கள் உண்டு, இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் முன்னே நிற்கிறார்கள். என் தீர்வு சுருக்கம்: நட்சத்திரச் சின்னமும் கார் இலக்கமும் ஒட்டினேன், மிச்சத்தைத் தாளோடு புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன். ஒட்டுவது என்றால் வறண்ட நாளில் மத்தியானத்துக்கு முன், துண்டைத் துடைத்துக் காயவிட்டு ஒட்டுங்கள்.

63 சென்ரிமீற்றருக்கு இடமில்லாத வீடுகள் எங்கள் பக்கம் அதிகம். லயத்தில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அவர்களுக்கு லெகோவிலேயே இதைவிடச் சின்னது இன்னொன்று உண்டு: பிரேசில் ஓட்டுநர் அயர்ட்டன் செனாவின் மெக்லரன் எம்பி4/4. அதுவும் 2024இல் வந்ததுதான், 693 துண்டு, வந்தபோது 80 டொலர். 1988இல் 16 பந்தயத்தில் 15ஐ ஜெயித்த கார் என்பதால் மச்சானும் வாயைத் திறக்க மாட்டான். உடம்பு டெக்னிக் போல ஓட்டை ஓட்டையாக இல்லாமல் மூடியே இருப்பதால் கரி உள்ளே இறங்குவது குறைவு, பாதி வேலை துணியாலேயே முடியும். ஓடுகிற பிஸ்டன் எல்லாம் இதில் எதிர்பார்க்கக் கூடாது. நண்பர் வீட்டில் கட்ட உதவியிருக்கிறேன், கழுவிப் பார்த்ததில்லை.

ராதெல்லவிலும் மஹகஸ்தொட்டவிலும் மேடேறும் பந்தயம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஃபோர்முலா வன்னைவிட மினியும் ஃபோர்ட் லேசரும்தான் நெஞ்சுக்குக் கிட்ட. அப்படிப்பட்ட காரை உதிரிக் கட்டையில் சொந்தமாகக் கட்டலாம், ரீபிரிக்கபிள் என்ற இணையதளத்தில் பிறர் வரைந்த வழிமுறைகள் நிறையக் கிடைக்கும். தேவையான துண்டு ஒவ்வொன்றையும் வெளிநாட்டு விற்பனையாளர்களிடம் தனித்தனியாகத் தேடி அழைப்பிக்கும் செலவை நினைத்து நான் அந்தப் பக்கம் இன்னும் போகவில்லை.

இவ்வளவும் மேற்குச் சரிவில் இருப்பவர்களின் கணக்கு. பண்டாரவளை, தியத்தலாவை, வெலிமடைப் பக்கம் இருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. இங்கே தென்மேல் பருவமழை கொட்டும் ஜூன், ஜூலையில் மலைக்கு அந்தப் பக்கம் வறண்ட காற்றுதான் வீசும். மச்சான் வருடத்துப் பெயின்ட் வேலை முழுவதையும் அந்த இரண்டு மாதத்தில்தான் முடிக்கிறான், அடுப்பும் காஸ் அடுப்பு. "நீ அங்கே இருந்து கழுவிக்கொண்டே இரு மச்சான், நான் இங்கே இருந்து அடிக்கிறேன்" என்கிறான். அந்த ஊரில் வீடு இருந்திருந்தால் நானும் ஒரு தமியா எடுத்துப் பார்த்திருப்பேன்.