போலி ஆன்டிவைரஸை நீக்க மால்வேர்பைட்ஸ்: பாபநாசத்து வீட்டுக் கணினியில் கண்டது

பாபநாசத்தில் உள்ள எங்கள் வீட்டுக் கணினியில் சென்ற மாதம் ஒரு போலி ஆன்டிவைரஸ் புகுந்துகொண்டது. அதை நீக்க, தீய நிரல்களைத் தேடி அகற்றும் மால்வேர்பைட்ஸ் மென்பொருளின் இலவசப் பதிப்பைப் பயன்படுத்தினேன். நீக்கும் வேலையில் அதன்மீது எனக்குப் பெரிய குறை இல்லை; ஆனால் வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் அதை நிரந்தரமாக வைத்திருக்கலாமா என்பதில் தயக்கம் உண்டு.

அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். காலையில் மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைப் பார்ப்பதும், கோயில் திருப்பணிக் கணக்கைத் தட்டச்சு செய்வதும்தான் அந்தக் கணினியில் அவருக்கு வேலை. கணக்குகள் எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருந்ததால், அவற்றை இன்றைய பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றும் மென்பொருளைத் தேடியவர், உண்மையான இணைப்புக்கு மேலே விளம்பரமாக நின்ற பெரிய பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டார். அறிவிப்புகளை அனுப்பலாமா என்று உலாவி கேட்டதற்கும் சரி என்று சொல்லியிருக்கிறார்.

மறுநாள் நான் திருச்சியிலிருந்து போய்ப் பார்த்தபோது, திரையின் நடுவில் ஒரு சாளரம் பத்து விநாடிக்குள் 37 வைரஸ்களைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்துக்கொண்டிருந்தது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் இலட்சக்கணக்கான கோப்புகளை எந்த ஆன்டிவைரஸாலும் பத்து விநாடியில் படித்துவிட முடியாது என்பதே அது போலி என்பதற்கு முதல் அடையாளம். ஓடும் நிரல்களைக் காட்டி நிறுத்த உதவும் டாஸ்க் மேனேஜரைத் திறக்க விடாமல் மூடியது இரண்டாவது. வைரஸ்களை நீக்க 2,999 ரூபாய் கட்டச் சொன்னது மூன்றாவது. அட்டை எண்ணைக் கேட்ட இடத்தில் அப்பா நிறுத்திக்கொண்டதால் பணம் தப்பியது. கட்டியிருந்தால், முதலில் செய்ய வேண்டிய வேலை வங்கிக்கும் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் தகவல் சொல்வதுதான்; கணினியைச் சரி செய்வதெல்லாம் அதற்குப் பிறகு.

இந்த மோசடி புதிதல்ல. பிரௌசிங் சென்டர் காலத்தில் ‘ஆன்டிவைரஸ் எக்ஸ்பி 2008’ என்ற பெயரில் வந்ததும் இதே நாடகத்தைத்தான் ஆடியது. இத்தகைய போலி மென்பொருள்களை விற்றவர்கள்மீது அமெரிக்க வணிக ஆணையம் 2008 டிசம்பரில் வழக்குத் தொடுத்து, 2012இல் 16.3 கோடி டாலருக்குத் தீர்ப்புப் பெற்றது. இருந்தும் வணிகம் நிற்கவில்லை.

கும்பகோணத்தில் ஒரு கடையில் கேட்டதற்கு, ‘பார்மட் அடித்துவிடலாம், 800 ரூபாய்’ என்றார்கள். கோப்புகளை எடுத்து வைத்துத் தருவீர்களா என்ற கேள்விக்குத் தெளிவான பதில் இல்லை. மூன்று ஆண்டுத் திருப்பணிக் கணக்கைப் பணயம் வைக்க அப்பா ஒப்பவில்லை. அதனால்தான் நானே இறங்கினேன்.

முதலில் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஷிப்ட் விசையை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து, சேஃப் மோடில் கணினியைத் திறந்தேன். அந்த நிலையில் விண்டோஸ் தனக்கு மிகத் தேவையானவற்றை மட்டுமே இயக்கும் என்பதால் போலி நிரல் எழுந்திருக்கவில்லை. அதன் குறுக்குவழியைப் பிடித்து, அது குடியிருந்த கோப்புறையைக் கண்டுபிடித்துப் பெயரை மாற்றினேன். பெயர் மாறினால் அடுத்த முறை விண்டோஸ் அதைத் தேடி ஏமாந்துபோகும். நமக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். பிறகு வழக்கம்போல் திறந்து, இணையத்தை இணைத்து, மால்வேர்பைட்ஸை அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கினேன். தேடுபொறியில் மேலே வரும் விளம்பரத்தை அழுத்தி இறக்கினால் இரண்டாவது போலி வந்து சேரலாம்.

சோதனை நாற்பது நிமிடம் எடுத்தது. போலி நிரலையும், அதை மீண்டும் மீண்டும் எழுப்ப, நிரல்களைக் குறித்த நேரத்தில் இயக்கும் டாஸ்க் ஷெட்யூலரில் வைத்திருந்த ஏற்பாட்டையும், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் பதிவேட்டில் (ரெஜிஸ்ட்ரி) அது எழுதியிருந்தவற்றையும் கண்டுபிடித்துத் தனிமைப்படுத்தியது. உடனே அழிக்காமல் தனிமைப்படுத்தி வைப்பது நல்ல வழக்கம். தவறுதலாக நல்ல கோப்பு ஒன்று சிக்கினாலும் மீட்டுக்கொள்ளலாம். உலாவியின் முகப்புப் பக்கம் மட்டும் மாறியபடியே இருந்தது. அதே நிறுவனம் 2016இல் வாங்கிய ஆட்வ்கிளீனர் என்ற சிறு நிரல் அதைச் சரி செய்தது. அதை நிறுவக்கூட வேண்டியதில்லை, பென் டிரைவிலிருந்தே இயக்கலாம்.

இத்தனைக்கும் பிறகும் திரையின் வலது மூலையில் ‘உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது’ என்ற அறிவிப்பு வந்துகொண்டே இருந்தபோது எனக்கே சலித்துவிட்டது. அது வைரஸே அல்ல. அப்பா அன்று கொடுத்த அனுமதி. குரோம் அமைப்புகளில் தள அறிவிப்புகளுக்கான பக்கத்தில் பெயர் தெரியாத பதினோரு தளங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கையால்தான் ஒவ்வொன்றாக நீக்கினேன். பல வீடுகளில் இது ஒன்றுதான் நோயே, இதற்கு எந்த மென்பொருளும் வேண்டாம் என்பது என் எண்ணம்.

இப்போது என் தயக்கத்துக்கு வருகிறேன். நிறுவியதும் மால்வேர்பைட்ஸ் கட்டணப் பதிப்பை 14 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கத் தந்தது. அது முடிந்தபின் தானாகக் காவல் காக்கும் வசதி நின்று, நாமே இயக்கும் சோதனை மட்டும் எஞ்சியது; அதில் வஞ்சகம் எதுவும் இல்லை. ஆனால் அதன்பின், பாதுகாப்பு முழுமையாக இல்லை, கட்டணப் பதிப்புக்கு மாறுங்கள் என்ற நினைவூட்டல் அதே வலது மூலையில் எழுந்தது. மூலையில் எழுந்து பயமுறுத்திப் பணம் கேட்பதை நம்பாதீர்கள் என்று அப்பாவுக்கு அரை நாள் பாடம் சொல்லியிருந்தேன். அவர் உடனே தொலைபேசியில் அழைத்து, ‘அந்தத் திருடன் திரும்பி வந்துவிட்டான்’ என்றார். அவர் மீது தவறே இல்லை.

ஆகவே அடுத்த ஞாயிறு மால்வேர்பைட்ஸை நீக்கினேன். விண்டோஸுடனே வரும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் போதும் என்று முடிவு செய்து, அதிலுள்ள ஆஃப்லைன் சோதனையை ஒருமுறை ஓடவிட்டேன். கணினியை மறுபடி தொடங்கி, விண்டோஸ் எழுவதற்கு முன்பே தேடுவதால் ஒளிந்திருப்பவை தப்புவது கடினம். எதுவும் அகப்படவில்லை. சிக்கல் வரும்போது மால்வேர்பைட்ஸை நிறுவி, வேலை முடிந்ததும் நீக்கிவிடுவதென்று வைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த அளவில் தயங்காமல் பரிந்துரைப்பேன். திருப்பணிக் கணக்கு முழுவதும் இப்போது பென் டிரைவிலும் ஒரு பிரதியாக இருக்கிறது. அதை யூனிகோடுக்கு மாற்றும் வேலைதான் இன்னும் பாக்கி.