கியர் பெட்டி போகவில்லை, 92,000 ரூபாய்தான் போனது

பழைய ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருக்கிற நெல்லைக்காரர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கடையின் பெயரை எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும்.

எங்களுடையது 2013 மாடல் டீசல் ஆட்டோமேட்டிக், பின்சக்கரம் இழுக்கிற வண்டி. இடது முழங்கால் கிளட்ச் மிதிக்க மறுத்த பிறகு செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பின்சீட்டுகளை மடக்கி மேலே பிளைவுட் பலகையும் இலவம்பஞ்சு மெத்தையும் போட்டால் இரண்டு பேர் கால் நீட்டிப் படுக்கலாம். சீட்டைக் கழற்றவில்லை, கழற்றினால் ஆர்.சி.யில் மாற்றம் எழுத ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு நடக்க வேண்டும். ஒரு ஸ்டவ், 20 லிட்டர் தண்ணீர் கேன், ஒரு சின்ன ஃபேன். அதை கேரவன் என்று சொல்வது நானும் என் மனைவியும் மட்டும்தான்.

2023 டிசம்பர் வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழையில் எங்கள் தெருவிலும் தண்ணீர் ஏறியது. வண்டி ஒரு ராத்திரி முழுக்க அரைச் சக்கரத்துக்கு மேல் தண்ணீரில் நின்றது. எஞ்சினுக்குள் போகவில்லை. எண்ணெய்களைப் பார்த்துவிட்டு ஓட்ட ஆரம்பித்துவிட்டோம்.

மாசி வாக்கில் சத்தம் தொடங்கியது. பிரேக்கை மிதித்துக்கொண்டு ‘பார்க்’கிலிருந்து ‘டிரைவ்’ போட்டால் அடியில் ‘டக்’. ‘ரிவர்ஸ்’ போட்டால் இன்னும் பலமாக. அதோடு, மெதுவாக உருளும்போது குருவி கத்துகிற மாதிரி ஒரு ‘கீச் கீச்’. இந்த இரண்டாவது சத்தத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, மெக்கானிக்கிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

2024 பங்குனி உத்திரத்துக்குத் தேரிக்காட்டுக்குள் இருக்கிற எங்கள் சாஸ்தா கோயிலுக்குப் போய், வண்டியிலேயே படுத்து எழுந்து வந்தோம். அந்தச் செம்மண் வண்டியில் புகாத இடமில்லை. வீட்டுக்கு வந்து ஒரு வாரத்தில், ஆட்டோமேட்டிக்கில் கைதேர்ந்தவர்கள் என்று பெரிய போர்டு வைத்திருக்கிற ஒரு ஒர்க் ஷாப்பில் கொண்டு விட்டேன்.

“கியர் போடும்போது சத்தம் வருது” என்றேன். பையன் ஒரே ஒரு தடவை டிரைவும் ரிவர்ஸும் போட்டுப் பார்த்தான். முதலாளி வந்து, “வெள்ளத்தில நின்ன வண்டியா அண்ணாச்சி?” என்று கேட்டார். நான் ஆமாம் என்று சொன்னதும் உதட்டைப் பிதுக்கினார். “அப்போ பெட்டி போச்சு. தண்ணி உள்ள போயி பிளேட் எல்லாம் ஊறியிருக்கும். இப்படியே ஓட்டுனியன்னா நடுவழியில நின்னுரும்.”

இதில் பொய் மட்டும் இருந்தால் நான் ஏமாந்திருக்க மாட்டேன். ஆட்டோமேட்டிக் பெட்டிக்குள் தண்ணீர் போனால் கிளட்ச் பிளேட்டில் ஒட்டியிருக்கிற உராய்வுப் படலம் உரிந்து வருவது உண்மைதான். ஆனால் அப்படிப் போயிருந்தால் அந்தச் சிவப்பு எண்ணெய் ரோஸ்மில்க் மாதிரி மாறியிருக்கும். எண்ணெயைக் காட்டச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. 1,35,000 கேட்டு, பேசி, 92,000-க்கு வந்து, பாதியை ஜிபேயில் அனுப்பிவிட்டு ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்தேன்.

மூன்றாம் நாள் வாட்ஸப்பில் படம் வந்தது: கழற்றிப் போட்ட பெட்டி, கருகிய பிளேட்டுகள், தட்டு நிறைய இரும்புத் தூள். பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. பதினோராம் நாள் வண்டியைக் கொடுத்தார்கள். ‘டக்’ வெகுவாகக் குறைந்திருந்தது, ‘கீச்’ சுத்தமாக இல்லை. மீதிப் பணத்தையும் அனுப்பினேன். பில் கேட்டதற்கு, ஜி.எஸ்.டி. போட்டால் 18 சதவீதம் கூடும் என்று சொல்லி ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தந்தார்கள். அதற்கும் தலையாட்டினேன். என் புத்தியை எதால் அடிப்பது?

இரண்டு வாரம்தான். பாபநாசம் போகும் வழியில், விக்கிரமசிங்கபுரத்தில் குருவி மறுபடி கத்த ஆரம்பித்தது. திரும்பும்போது ‘டக்’கும் வந்துவிட்டது. கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ரோட்டோரத்தில் ஒரு லாரி ஷெட்டைப் பார்த்து நிறுத்தினேன். எழுபது வயதிருக்கும் மெக்கானிக். “ஆட்டோமேட்டிக் பெட்டிய நான் தொட மாட்டேன் தம்பி, அது எனக்குத் தெரியாது. ஆனா இந்தச் சத்தம் பெட்டியில வாரதில்ல” என்றார்.

வண்டியைப் பள்ளத்தின் மேல் நிறுத்தச் சொன்னார். நான்கு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கல் கொடுத்து, எஞ்சினை அணைத்து, நியூட்ரல் போடச் சொன்னார். என்னையும் கீழே கூப்பிட்டார். பெட்டியிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகிற ஷாப்ட்டின் கடைசியில் இருக்கிற கிராஸை, அதாவது ஷாப்ட் சாய்ந்தாலும் சுற்ற விடுகிற சிலுவை வடிவ மூட்டை, ஒரு கையால் இந்தப் பக்கமும் மறு கையால் அந்தப் பக்கமும் பிடித்து எதிரெதிராகத் திருகினார். ஆடவே கூடாத இடம் கடகடவென்று ஆடியது. வெள்ளத் தண்ணீர் கிரீஸை அடித்துக்கொண்டு போக, ஊசி பேரிங் துருப்பிடித்துத் தேய்ந்திருக்கிறது. வண்டி கியருக்குள் போகிற நொடியில் ஷாப்ட் ஒரு பக்கமாக முறுக்கும். அந்தத் தேய்ந்த இடைவெளி சட்டென்று மூடுகிற சத்தம்தான் ‘டக்’. காய்ந்த பேரிங்தான் குருவி.

“பெட்டிய இறக்குனாவளா? யாரு சொன்னா?” என்று கேட்டுவிட்டு டார்ச்சை மேலே அடித்தார். பெட்டியை எஞ்சினோடு பிடித்திருக்கிற போல்ட்டுகளின் தலையைச் சுற்றித் தேரிச் செம்மண் அப்படியே படிந்திருந்தது. ஒரு ஸ்பேனர் கீறல்கூட இல்லை. ஷாப்ட்டை இணைக்கிற ஃபிளாஞ்ச் போல்ட்டுகளிலும் அதே மண். பெட்டியை இறக்க வேண்டுமானால் முதலில் ஷாப்ட்டைக் கழற்றியாக வேண்டும், கழற்றியிருந்தால் தேய்ந்த கிராஸ் கையிலேயே ஆடியிருக்கும். கிராஸில் கிரீஸ் அடிக்கிற நிப்பிள் மட்டும் பளிச்சென்று துடைத்திருந்தது. வாட்ஸப் படத்தையும் காட்டினேன். அதில் இருந்த ஆயில் பேன், பெட்டிக்கு அடியில் எண்ணெய் நிற்கிற தட்டு, சதுரம். என் வண்டியில் இருப்பது ஒரு மூலை வெட்டியது. 92,000 ரூபாய்க்கு இரண்டு பம்ப் கிரீஸ் அடித்திருக்கிறார்கள்.

இரண்டு கிராஸ், பெட்டிக்கு அடியில் அதைத் தாங்குகிற, வெடித்திருந்த ஒரு மவுண்ட் ரப்பர், கூலி எல்லாம் சேர்த்து 6,400. அன்று சாயங்காலமே வீட்டில் இருந்தோம். பிறகு ஒரு நாள் பெட்டி எண்ணெயையும் வடித்துப் பார்த்தேன். பழுப்பேறிய பழைய எண்ணெய், ஆனால் கருகல் வாடை இல்லை, ரோஸ்மில்க்கும் இல்லை. ஆயில் பேனில் இருக்கிற காந்தத்தில் மைபோல் மெல்லிய சாம்பல் படிவுதான், தகடு எதுவும் இல்லை. அப்படித்தான் இருக்க வேண்டுமாம்.

‘டக்’ கேட்டதும் பெட்டி என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் ஐடிலை, ஆக்ஸிலரேட்டர் மிதிக்காதபோது எஞ்சின் ஓடுகிற வேகத்தை, பாருங்கள். காலையில் குளிர்ந்த எஞ்சின் வேகமாக ஓடும்போது மட்டும் சத்தம் பலமாக இருந்தால் அது பெரிய நோய் இல்லை. பானெட்டைத் திறந்து வைத்து, யாரையாவது பக்கவாட்டில் நிற்கச் சொல்லி, பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு டிரைவும் ரிவர்ஸும் மாற்றிப் போடுங்கள். எஞ்சின் துள்ளி எழுந்தால் அதைத் தாங்குகிற மவுண்ட் ரப்பர் போயிருக்கிறது. டிரைவ் போட்டு ஒன்றரை வினாடிக்கு மேல் சும்மா இருந்துவிட்டு அப்புறம் இடித்தால்தான் எண்ணெய் அளவையும் பெட்டியையும் சந்தேகப்பட வேண்டும். காரையார் மாதிரி ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக் போடாமல் ‘பார்க்’கில் மட்டும் நிறுத்தினால், எடுக்கும்போது வருகிற ‘டக்’ வேறு. வண்டியின் கனம் முழுவதும் உள்ளே ஒரு சின்னப் பல்லில் தொங்கியதன் விளைவு அது. நியூட்ரலில் ஹேண்ட் பிரேக் போட்டு, கால் பிரேக்கை விட்டு, வண்டி ஹேண்ட் பிரேக்கில் நின்ற பிறகு ‘பார்க்’ போட்டால் வராது.

திரும்பப் போய்க் கேட்டபோது முதலாளி கோபப்படவே இல்லை. “கிராஸ் வெளி பார்ட் அண்ணாச்சி, நம்ம வேலைக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது.” மண்ணைப் பற்றிக் கேட்டேன். போன் வந்ததாக உள்ளே போனவர் வரவில்லை.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கையில் இருப்பது ஜிபே ரசீது, வாட்ஸப் படம், துண்டுச் சீட்டு, அந்தப் பள்ளத்தில் நின்று போனில் எடுத்த வீடியோ. வாட்டர் வாஷுக்கு விடும்போதெல்லாம் பையனிடம், மேலே மட்டும் கழுவு, அடியில் தண்ணீர் அடிக்காதே என்கிறேன். ஒரு மாதிரியாகப் பார்க்கிறான்.